வேதாகமத்தைப் படிக்கவும் சபைக்குள் சென்று கேட்கவும்: நம்பிக்கையில்லாதவருக்கு ஒரு வழிகாட்டி

கடவுள் நம்பிக்கை இல்லாத ஒருவர் வேதாகமத்தைக் கையில் எடுக்கும்போது பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கிறது. ஆதியாகமத்தில் ஆர்வத்தோடு தொடங்கி, லேவியராகமத்தின் பலிச் சட்டங்களை எட்டியதும் சலித்துப்போய் மூடிவைத்துவிடுகிறார். அல்லது முரண்பாடுகளையும் கொடூரமான பகுதிகளையும் மட்டும் பொறுக்கியெடுத்துக்கொண்டு நம்புகிறவர்களிடம் வாதாடக் கிளம்பிவிடுகிறார். இரண்டு வழியிலும் அவர் மனத்தில் முதலில் எழுந்த கேள்விகள் அப்படியே கிடக்கின்றன. அந்தக் கேள்விகள் மதிப்புள்ளவை. கிறிஸ்தவர்களே நூற்றாண்டுக் கணக்கில் தங்களுக்குள் கேட்டு, எழுதி, பிரிந்துபோகும் அளவுக்குச் சண்டையிட்ட கேள்விகள்தான் அவற்றில் பெரும்பாலானவை. அவற்றை எப்படிக் கேட்டால் பயன் கிடைக்கும் என்பதை இங்கே எழுதுகிறேன். நானும் நம்பிக்கையில்லாதவன்தான், இந்த நூலைத் தொடர்ந்து படித்தும், வெவ்வேறு சபைகளின் ஆராதனைகளில் உட்கார்ந்தும், நம்புகிறவர்களிடம் கேட்டும் எனக்குப் பிடிபட்ட வழி இது.

‘இந்த வசனத்துக்கு என்ன பொருள்?’ என்று கேட்கும்போது, உண்மையில் நாம் மூன்று கேள்விகளை ஒன்றாகச் சுருட்டிக் கேட்கிறோம். இந்தப் பகுதி எழுதப்பட்ட காலத்தில், யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களிடம், என்ன சொன்னது என்பது ஒன்று. இந்தச் சபை இன்று அதை எப்படிப் படிக்கிறது, எந்த விதியை வைத்துக்கொண்டு அப்படிப் படிக்கிறது என்பது இரண்டாவது. அதை நான் ஏற்க வேண்டுமா என்பது மூன்றாவது. முதல் கேள்விக்கு வரலாறும் மூலநூலும் பதில் சொல்லும். இரண்டாவதற்குச் சபையின் மரபு பதில் சொல்லும். மூன்றாவதற்கு உங்கள் அறிவும் மனசாட்சியும்தான் பதில் சொல்ல வேண்டும். மூன்றும் கலந்துவிட்டால் பேச்சு கெட்டுப்போகிறது. போதகர் இரண்டாவது கேள்விக்குச் சொல்லும் பதிலை நாம் முதல் கேள்விக்கான பதிலாக எடுத்துக்கொண்டு ‘இவர் நூலைத் திரிக்கிறார்’ என்கிறோம். நாம் முதல் கேள்வியைக் கேட்கும்போது அவர் அதை மூன்றாவதாக எடுத்துக்கொண்டு ‘இவர் விசுவாசத்தைத் தாக்குகிறார்’ என்கிறார். எந்தக் கேள்வியைக் கேட்கிறோம் என்பதை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத் தொடங்கினால் பாதிச் சண்டை வராது.

எதை எடுப்பது, எங்கே தொடங்குவது

வேதாகமம் ஒரே நூல் அல்ல, ஒரு தொகுப்பு. தொகுப்பின் எல்லையும் எல்லாருக்கும் ஒன்றல்ல. புராட்டஸ்டண்ட் சபைகளின் பதிப்பில் 66 நூல்கள் உள்ளன. கத்தோலிக்கப் பதிப்பில் தோபித்து, யூதித்து, மக்கபேயர் முதலியவை சேர்ந்து 73. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபை 81 என்று கணக்கிடுகிறது. இன்றுள்ள புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் அப்படியே பட்டியலிட்டு நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய கடிதம் அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியு கி.பி. 367இல் எழுதியது. கத்தோலிக்கத் திருச்சபை தன் பட்டியலை, ஆயர்கள் கூடி முடிவெடுத்த திரெந்து சங்கத்தில் 1546ஆம் ஆண்டு முறைப்படி உறுதிசெய்தது. ஆகவே ‘வேதாகமம் சொல்கிறது’ என்று யாராவது தொடங்கினால், எந்த நூல், எந்த அதிகாரம் என்று பணிவாகக் கேட்பது குதர்க்கம் ஆகாது.

வாங்கும்போது அடிக்குறிப்புகளும் ஒவ்வொரு நூலுக்கும் முன்னுரையும் உள்ள பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். இரண்டு மொழிபெயர்ப்புகளை வைத்துக்கொள்வது நல்லது. ஒன்றில் புரியாத வாக்கியம் மற்றொன்றில் திறந்துகொள்ளும், இரண்டும் மிகவும் வேறுபடும் இடத்தில் மூலமே கடினமானது என்று தெரிந்துகொள்ளலாம். அடிக்குறிப்புகளைத் தவறவிடாதீர்கள். மாற்கு நற்செய்தியின் கடைசி அதிகாரத்தில் 9 முதல் 20 வரையுள்ள வசனங்களும், விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதையான யோவான் 7:53 முதல் 8:11 வரையுள்ள பகுதியும் மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் இல்லை என்ற செய்தியை அங்கேதான் காண்பீர்கள். இதை மறைத்துவைத்திருக்கிறார்கள் என்று நினைக்கும் நம்பிக்கையில்லாதவர்கள் பலர்; உண்மையில் நல்ல பதிப்புகள் பலவும் அதை அந்தப் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கின்றன.

முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வரிசையாகப் படிக்கும் திட்டத்தைக் கைவிடுங்கள். மாற்கு நற்செய்தியில் தொடங்குங்கள். 16 அதிகாரங்கள்தான், ஒரே அமர்வில் முடித்துவிடலாம். நான்கு நற்செய்திகளில் முதலில் எழுதப்பட்டது இதுவே என்பதும், ஏறக்குறைய கி.பி. 70ஐ ஒட்டி எழுதப்பட்டிருக்கலாம் என்பதும் பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. அதன்பின் ஆதியாகமத்தின் முதல் பதினொரு அதிகாரங்கள், பிரசங்கி, யோபு, பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதம் என்று போகலாம். யோபுவையும் பிரசங்கியையும் நான் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: நம்பிக்கையில்லாதவர் கேட்கும் கடினமான கேள்விகள் இந்தத் தொகுப்புக்கு உள்ளேயே, இன்னும் கூர்மையாக, கேட்கப்பட்டிருக்கின்றன என்பதை அவர் தொடக்கத்திலேயே காண வேண்டும்.

ஒரு வசனத்தை அதன் இடத்தில் வைத்துப் படிப்பது

மூல ஆசிரியர்கள் யாரும் வசன எண்களை இடவில்லை. அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. அதை வகுத்தவர் ஸ்டீபன் லாங்டன் என்பது பொதுவாக ஏற்கப்படும் கருத்து. புதிய ஏற்பாட்டில் இன்று நாம் பயன்படுத்தும் வசன எண்களை 1551இல் அச்சிட்டவர் ராபர்ட் எஸ்தியேன். எண் வந்தபின் வசனத்தைத் தனியே பிடுங்கி எடுப்பது எளிதாகிவிட்டது. நாள்காட்டியிலும் வாழ்த்து அட்டையிலும் சுவரிலும் நாம் பார்ப்பவை அப்படிப் பிடுங்கப்பட்டவையே. எனவே எந்த வசனம் உங்கள் முன் வைக்கப்பட்டாலும், அந்த அதிகாரம் முழுவதையும், முடிந்தால் முந்தைய அதிகாரத்தையும் படித்த பிறகே கருத்துச் சொல்வது என்று ஒரு விதியை வைத்துக்கொள்ளுங்கள்.

எரேமியா 29:11ஐ எடுத்துக்கொள்வோம். உங்களுக்குத் தீமையை அல்ல, நன்மையையும் எதிர்காலத்தையும் நம்பிக்கையையும் தருவதே என் நினைவு என்று கடவுள் கூறுவதாக அமைந்த வசனம் அது. தேர்வு எழுதுகிறவர்களுக்கும், வேலை தேடுகிறவர்களுக்கும், நோயாளிகளுக்கும் இதை எழுதிக்கொடுக்கிறார்கள். அதிகாரத்தின் தொடக்கத்துக்குப் போனால், இது ஒரு கடிதத்தின் நடுப்பகுதி என்று தெரிகிறது. கி.மு. 597இல் எருசலேமிலிருந்து அரசன் எகொனியாவோடு பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட மக்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். அங்கேயே வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவற்றின் பழங்களை உண்ணுங்கள், பெண் கொடுத்துப் பெண் எடுத்துப் பெருகுங்கள், உங்களைச் சிறைப்படுத்திய நகரத்தின் நலனைத் தேடுங்கள் என்கிறது அது. பத்தாம் வசனத்தில் எழுபது ஆண்டுகள் என்ற கெடு வருகிறது. அந்தக் கடிதத்தைக் கேட்டவர்களில் வயது வந்த யாரும் ஊர் திரும்ப வாய்ப்பில்லை என்பதே அதன் நேரடிப் பொருள். இன்னும் ஒரு படி பின்னால் 28ஆம் அதிகாரத்துக்குப் போனால், அனனியா என்ற தீர்க்கதரிசி இரண்டே ஆண்டுகளில் எல்லாம் சரியாகிவிடும் என்று மக்களுக்கு வாக்களித்திருக்கிறான். எரேமியாவின் கடிதம் அந்த வாக்கை மறுத்து நிற்கிறது. விரைவான ஆறுதலை மறுக்க எழுதப்பட்ட கடிதத்தின் ஒரு வரியை விரைவான ஆறுதலாகப் பயன்படுத்துகிறோம்.

இது முதல் கேள்விக்கான பதில். இங்கேயே நின்று, வசனத்தைச் சுவரில் மாட்டியிருப்பவரைத் தவறு என்று சொல்லிவிட்டுப் போவது எளிது; ஆனால் இரண்டாவது கேள்வி மீதமிருக்கிறது. சிந்தித்துப் பேசும் ஒரு விசுவாசியிடம் கேட்டுப் பாருங்கள். ‘அந்த மக்களிடம் உண்மையாக இருந்த கடவுள் என்னிடமும் உண்மையாக இருப்பார் என்றே இதைப் படிக்கிறேன், அதற்கு எழுபது ஆண்டுகள் ஆகலாம், என் வாழ்நாளில் நடக்காமலும் போகலாம்’ என்று அவர் சொல்லக்கூடும். அது பொறுப்பான வாசிப்பு. கடிதத்தின் கடுமையை அது விட்டுவிடவில்லை. ‘அடுத்த மாதம் எனக்கு வேலை கிடைக்கும் என்று கடவுள் எழுதியிருக்கிறார்’ என்பது வேறு வகை. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்க்கத் தெரிந்துகொள்வதுதான் விளக்கம் குறித்த கல்வியின் பெரும்பகுதி. மூன்றாவது கேள்விக்கு என் பதில் இல்லை என்பதே. அந்தக் கடிதத்தில் பேசுவது கடவுள் என்று நான் நம்பவில்லை. ஆயினும், தோற்றுப்போன ஒரு மக்கள்கூட்டத்திடம் பொய் நம்பிக்கை கொடுக்காமல், பகைவரின் நகரத்திலேயே நல்லபடியாக வாழுங்கள் என்று சொன்ன அந்த எழுத்தின் மீது எனக்கு ஆழ்ந்த மரியாதை உண்டு. நம்பாமலே மதிக்க முடியும்.

நேர்ப்பொருளா, உருவகமா

‘வேதாகமத்தை நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்வதா, உருவகமாக எடுத்துக்கொள்வதா?’ என்று மொத்தமாகக் கேட்பதால் பயனில்லை. கவிதை, சட்டம், அரச வரலாறு, பழமொழி, கடிதம், தரிசனம் என்று வெவ்வேறு வகை எழுத்துகள் இதில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வெவ்வேறு விதமாகப் பேசுகிறது. நீதிமொழிகள் 26ஆம் அதிகாரத்தின் 4ஆம் வசனம் மூடனுக்கு அவன் மூடத்தனத்தின்படி பதில் சொல்லாதே என்கிறது. 5ஆம் வசனம் சொல் என்கிறது. அடுத்தடுத்த வரிகளில் இதை வைத்தவருக்கு முரண்பாடு தெரியாமலா இருந்திருக்கும்? பழமொழிகள் சூழலுக்கேற்ற அறிவைத் தருபவை. எந்த மூடனிடம் எப்போது பேசுவது என்பதை வாசகரே தீர்மானிக்க வேண்டும். சட்டநூலைப் படிப்பதுபோல் இதைப் படித்தால் பிழையாகத்தான் தெரியும்.

ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் செடிகொடிகள், விலங்குகள், கடைசியில் மனிதர் என்று படைப்பு வருகிறது. இரண்டாம் அதிகாரத்தில் முதலில் ஆண், பிறகு தோட்டம், பிறகு விலங்குகள், கடைசியில் பெண். அறிவியல் வளர்ந்த பிறகு கிறிஸ்தவர்கள் வேறு வழியின்றி இதை உருவகம் என்று சொல்லத் தொடங்கினார்கள் என்று நம்மவர்கள் அடிக்கடி சொல்கிறார்கள். அது சரியல்ல. சூரியன் நான்காம் நாளில்தான் வருகிறது என்றால் முதல் மூன்று நாள்கள் எப்படி நாள்களாகும் என்று 3ஆம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவ அறிஞர் ஒரிகன் கேட்டார். 430இல் இறந்த ஆயரும் இறையியலாளருமான அகுஸ்தீன், அந்த ஆறு நாள்கள் நாம் அறிந்த நாள்கள் அல்ல என்று கருதினார். இயற்கையைப் பற்றித் தெளிவாக அறிந்த பிறர் முன்னால் வேதத்தின் பெயரால் அறியாமையைப் பேசி அவமானப்பட வேண்டாம் என்று விசுவாசிகளை எச்சரித்தும் எழுதினார். அதே சமயம் இன்று ஆறு நாள்களையும் 24 மணி நேர நாள்களாகவே எடுத்துக்கொள்ளும் சபைகளும் உள்ளன. எனவே உங்கள் எதிரில் இருப்பவர் எந்த மரபைச் சேர்ந்தவர் என்று கேட்டுக்கொள்ளாமல் பரிணாமத்தைப் பற்றிய வாதத்தைத் தொடங்காதீர்கள். அவர் அதை ஏற்கெனவே ஏற்றவராக இருக்கலாம்.

முரண்பாடுகளுக்கும் இதே முறைதான். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் நான்றுகொண்டு செத்தான் என்கிறது மத்தேயு 27:5. தலைகீழாக விழுந்து வயிறு வெடித்துச் செத்தான் என்கிறது அப்போஸ்தலர் 1:18. இயேசு தேவாலயத்திலிருந்து வணிகர்களை விரட்டிய நிகழ்ச்சி யோவானில் தொடக்கத்திலும் மற்ற மூன்றிலும் இறுதி வாரத்திலும் வருகிறது. இவற்றைப் பட்டியலிட்டு ‘என்ன சொல்கிறீர்கள்?’ என்பதைவிட, ‘வேதம் பிழையற்றது என்று உங்கள் சபை சொல்லும்போது எதைக் குறிக்கிறது?’ என்று கேட்பது மேல். 1978இல் சிகாகோவில் சுவிசேஷக (வேதாகமத்தின் அதிகாரத்தை அழுத்திச் சொல்லும் புராட்டஸ்டண்ட் பிரிவு) தலைவர்கள் பலர் வெளியிட்ட அறிக்கை, வரலாறு, அறிவியல் உட்பட அனைத்திலும் பிழையின்மையை வலியுறுத்துகிறது. அந்த நிலைப்பாட்டில் இருப்பவர் யூதாஸின் இரண்டு மரணங்களையும் இணைத்து விளக்கியே ஆக வேண்டும். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஆவணம், மீட்புக்காகக் கடவுள் தர விரும்பிய உண்மையைப் பற்றிப் பேசுகிறது. நூலின் இலக்கிய வகையைப் பார்த்துப் படிக்கவும் சொல்கிறது. அதன்படி படிக்கும் கத்தோலிக்கருக்கு அந்த நெருக்கடி அவ்வளவாக இல்லை.

ஏன் சில சட்டங்கள் மட்டும்?

நம்பிக்கையில்லாதவர்கள் கேட்பவற்றில் மிகக் கனமான கேள்வி இதுதான் என்பது என் கருத்து. இதற்கு அவசரமான பதிலை ஏற்றுக்கொள்ள வேண்டாம். லேவியராகமம் 19:18 உன்னைப்போல் பிறனையும் நேசி என்கிறது. அடுத்த வசனமே இருவகை நூல் கலந்த ஆடையை உடுத்தாதே என்கிறது. முதலாவதைக் கிறிஸ்தவத்தின் இதயம் என்கிறார்கள். இரண்டாவதைக் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் கடைப்பிடிப்பதில்லை. எந்த விதியின்படி இந்தப் பிரிப்பு நடக்கிறது?

சபைகளிடம் பதில்கள் உண்டு, அவற்றை நியாயமாகக் கேட்க வேண்டும். யூதரல்லாத விசுவாசிகள்மீது மோசேயின் சட்டம் முழுவதையும் சுமத்துவதில்லை என்று எருசலேமில் கூடிய தலைவர்கள் முடிவெடுத்ததாக அப்போஸ்தலர் 15ஆம் அதிகாரம் கூறுகிறது. ஆகவே இது பிற்காலத்துச் சமாளிப்பு அல்ல. 13ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்க இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் சட்டங்களை ஒழுக்கம், சடங்கு, நீதிநிர்வாகம் என்று மூன்றாகப் பகுத்து, முதல் வகை மட்டும் என்றும் கட்டுப்படுத்தும் என்றார். பின்னர் பல புராட்டஸ்டண்ட் சபைகளும் இதே பகுப்பை எடுத்துக்கொண்டன. ஆனால் மூல நூலில் எந்தச் சட்டத்தின் பக்கத்திலும் இது எந்த வகை என்று எழுதியிருக்கவில்லை. பகுப்பது வாசகரின் வேலை. இந்த இடத்தில் நிறுத்தி, ‘இந்தக் குறிப்பிட்ட சட்டம் ஒழுக்க வகையில் சேரும் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?’ என்று கேளுங்கள். நேர்மையான போதகர் இந்தக் கேள்வியை வரவேற்பார்.

இதன் எடையை உணர அடிமைமுறையைப் பற்றிய விவாதத்தைப் பார்க்க வேண்டும். அடிமைகளை விலைக்கு வாங்கிப் பிள்ளைகளுக்குச் சொத்தாக விட்டுப்போகலாம் என்று லேவியராகமம் 25 அனுமதிக்கிறது. எஜமானருக்குக் கீழ்ப்படியுங்கள் என்று எபேசியர் 6:5 அடிமைகளிடம் சொல்கிறது. மறுபுறம், தப்பிவந்த அடிமையை எஜமானிடம் திருப்பி ஒப்படைக்காதே என்கிறது உபாகமம் 23:15. கிறிஸ்துவுக்குள் அடிமையென்றும் சுயாதீனனென்றும் இல்லை என்கிறது கலாத்தியர் 3:28. 1688இல் பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் அடிமைமுறையை எதிர்த்து எழுதிய மனு, பிறர் உங்களுக்குச் செய்ய விரும்புவதையே நீங்களும் அவர்களுக்குச் செய்யுங்கள் என்ற நெறியை அடிப்படையாக வைத்தது. 1845இல் அடிமை வைத்திருப்பவர்களை மிஷனரிகளாக நியமிக்கலாமா என்ற பிரச்சினையில் அமெரிக்க பாப்டிஸ்டுகள் பிளவுபட்டு, தெற்கு பாப்டிஸ்ட் கன்வென்ஷன் உருவானது. 1995இல் அந்த அமைப்பு தன் வரலாற்றுக்காக மன்னிப்புக் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. இரு தரப்பும் ஒரே நூலைத்தான் படித்தன. வெளிப்படையான வசனங்களை எண்ணிக் காட்டியவர்கள் தவறான பக்கத்தில் நின்றார்கள். பொதுவான நெறியைக்கொண்டு தனி வசனங்களை எடைபோட்டவர்கள் சரியான பக்கத்தில் நின்றார்கள். நூலைப் படிப்பவரின் மனசாட்சியும் வாசிப்பில் வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. கடவுள்மீதும் பிறர்மீதும் உள்ள அன்பை வளர்க்காத எந்த விளக்கமும் வேதத்தைப் புரிந்துகொண்ட விளக்கம் ஆகாது என்று அகுஸ்தீனும் எழுதியிருக்கிறார். பெண்கள் போதிப்பது, மணமுறிவு, ஒருபாலின உறவு ஆகியவை குறித்து இன்று சபைகளுக்குள் நடக்கும் விவாதங்களைக் கேட்கும்போது இந்த வரலாற்றை மனத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தரப்பும் எந்த விதியைப் பயன்படுத்துகிறது, அதை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பயன்படுத்துகிறதா என்று பாருங்கள்.

யோசுவா 6, 1 சாமுவேல் 15 ஆகியவற்றில் குழந்தைகள் உட்பட அனைவரையும் கொல்லும்படி வரும் கட்டளைகளைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். அவற்றைப் பற்றி எந்தச் சங்கடமும் இல்லாமல் பேசும் ஒருவரிடமிருந்து நான் எதையும் கற்றதில்லை. அவர் நம்புகிறவரானாலும் சரி, நம்பாதவரானாலும் சரி.

சபைக்குள் நுழைவது

ஒரு மதத்தை அதன் நூலைக்கொண்டு மட்டும் அறிய முடியாது. ஆராதனைக்குப் போய்ப் பாருங்கள். பல சபைகளில் அன்றைக்கு என்ன வாசிக்கப்படும் என்பது மூன்றாண்டுச் சுழற்சியாக முன்கூட்டியே வகுக்கப்பட்டிருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு படித்துவிட்டுப் போனால், அந்தப் பகுதியைப் பிரசங்கம் என்ன செய்கிறது என்பதைக் கூர்ந்து கவனிக்கலாம். பின்வரிசையில் உட்காருங்கள். எல்லாரும் எழும்போது எழுவது மரியாதை. மண்டியிடும்போது அமைதியாக உட்கார்ந்திருப்பதில் தவறில்லை. விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லும்போது வாயை மூடிக்கொண்டிருங்கள். நம்பாததை நம்புகிறேன் என்று சபையாரோடு சேர்ந்து சொல்வதைவிட மௌனமே அவர்களுக்கு நீங்கள் காட்டும் மரியாதை.

நற்கருணை அல்லது திருவிருந்து (அப்பமும் திராட்சை இரசமும் பகிரும் சடங்கு) நேரத்தில் அதை வாங்க எழுந்து முன்னால் போகாதீர்கள். கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் சபைகளில் அது தங்கள் ஐக்கியத்தில் உள்ளவர்களுக்கானது; ஞானஸ்நானம் பெறாதவர் வாங்குவது அவர்களை ஆழமாகப் புண்படுத்தும். புராட்டஸ்டண்ட் சபைகளில் சில ஞானஸ்நானம் பெற்ற அனைவரையும், சில இன்னும் விரிவாகவும் அழைக்கின்றன. அழைத்தாலும் மறுத்துக்கொள்ளலாம். காணிக்கைத் தட்டு வந்தால் அடுத்தவரிடம் நகர்த்திவிடலாம். விருந்தினரிடம் யாரும் எதிர்பார்ப்பதில்லை. தலையில் கைவைத்து ஜெபிக்க முன்வந்தால், வேண்டாம் என்று தோன்றினால் நன்றி சொல்லி விலகலாம். ஒரே வகைச் சபையோடு நின்றுவிடாதீர்கள். மௌனமாக அமர்ந்திருக்கும் குவேக்கர் கூட்டமும், தூபமும் பாடலுமான ஆர்த்தடாக்ஸ் வழிபாடும், பெந்தெகொஸ்தே ஆராதனையும் ஒரே மதத்தின் பெயரால் நடக்கின்றன என்பதை நேரில் கண்டவர் ‘கிறிஸ்தவம் இப்படித்தான்’ என்று சட்டென்று சொல்ல மாட்டார்.

குடும்பக் காரணங்களால் சிலர் இதைவிட நெருக்கமான இடத்துக்குத் தள்ளப்படுகிறார்கள். கத்தோலிக்கக் குழந்தைக்கு ஞானப்பெற்றோராக இருக்கும்படி கேட்டால், 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு அதற்கு உறுதிப்பூசுதல் (ஞானஸ்நானத்தை உறுதிப்படுத்தும் சடங்கு) பெற்ற, பொதுவாகப் பதினாறு வயது நிறைந்த கத்தோலிக்கரையே கேட்கிறது என்பதை எடுத்துச் சொல்லி, மனவருத்தம் இல்லாமல் விலகிக்கொள்ளலாம். ஞானஸ்நானம் பெறாத நீங்கள் கத்தோலிக்கர் ஒருவரைத் திருச்சபையில் மணக்க விரும்பினால் ஆயரகத்தின் விதிவிலக்கு வேண்டும். பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்துக் கத்தோலிக்கராக வளர்க்க இயன்றதையெல்லாம் செய்வதாக உங்கள் துணைவர் வாக்குக் கொடுக்க வேண்டும். அந்த வாக்கு உங்களுக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். இதைத் திருமணத்துக்கு முன்பே உட்கார்ந்து பேசுங்கள். யாரையும் மகிழ்விப்பதற்காக ஞானஸ்நானம் பெறாதீர்கள். பெரியவர்களுக்குக் கத்தோலிக்கத் திருச்சபை நீண்ட ஆயத்தக் காலம் வைத்திருப்பதும், பாப்டிஸ்ட் சபைகள் ஒருவரின் சொந்த விசுவாச அறிக்கையின்பேரில் மட்டுமே கொடுப்பதும், அது உள்ளத்தின் ஒப்புதலோடு நடக்க வேண்டும் என்பதற்காகவே.

அமைப்பு எதற்கு, அதை எப்படி எடைபோடுவது

‘தனியறையில் கதவைப் பூட்டி ஜெபி என்று இயேசுவே மத்தேயு 6:6இல் சொல்லியிருக்க, சபை எதற்கு?’ என்ற கேள்விக்கு விசுவாசிகள் எபிரெயர் 10:25ஐக் காட்டுவார்கள். கூடிவருதலை விட்டுவிடாதீர்கள் என்கிறது அது. புதிய ஏற்பாட்டின் கடிதங்களில் பெரும்பாலானவை கூட்டங்களுக்கு எழுதப்பட்டவை என்பதும் உண்மை. ஆனால் அந்தக் கூட்டங்கள் தூய்மையாக இருந்து பிற்பாடு கெட்டுப்போயின என்ற கதையை நம்பாதீர்கள். 1 கொரிந்தியர் 11இல், திருவிருந்துக்குக் கூடும்போது ஒருவன் பசியாயிருக்க இன்னொருவன் வெறித்திருக்கிறான், இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்கள் என்று பவுல் கடிந்துகொள்கிறார். இயேசு சிலுவையில் அறையப்பட்டு முப்பது ஆண்டுகள்கூட ஆகியிருக்காத காலம் அது.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகக் கேளுங்கள். தசமபாகத்துக்கு (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் கொடுப்பதற்கு) மல்கியா 3:10 அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. உபாகமம் 14ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை அதோடு சேர்த்துப் படியுங்கள்: அங்கே தசமபாகத்தைக் கொண்டுவந்தவரே குடும்பத்தோடு உண்டு மகிழ வேண்டும், தூரம் அதிகமானால் விற்றுப் பணமாக்கி வந்து விரும்பியதை வாங்கி உண்ணலாம், மூன்றாம் ஆண்டின் பங்கு லேவியருக்கும் அந்நியருக்கும் திக்கற்ற பிள்ளைகளுக்கும் விதவைகளுக்கும் போக வேண்டும். கட்டாயத்தினால் கொடுக்க வேண்டாம் என்று 2 கொரிந்தியர் 9:7இல் பவுல் எழுதுகிறார். ஒரு சபை முதல் வசனத்தை மட்டும் வாசித்து மற்றவற்றை ஒருபோதும் வாசிக்கவில்லை என்றால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

போதகரை விலக்கும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது, கணக்கை யார் தணிக்கை செய்கிறார்கள், அதை உறுப்பினர் பார்க்கலாமா, குழந்தைகளோடு பணியாற்றுகிறவர்கள்மீது புகார் வந்தால் காவல்துறைக்கு உடனே தெரிவிக்கப்படுமா ஆகிய கேள்விகளுக்குத் தெளிவான பதில் இருக்க வேண்டும். 2002இல் பாஸ்டன் மறைமாவட்டத்தைப் பற்றிய பத்திரிகைச் செய்திகள், குழந்தைகளைச் சீரழித்த குருக்கள் பங்கு விட்டுப் பங்கு மாற்றப்பட்டதை உலகுக்குக் காட்டின. இப்படிப்பட்ட மறைப்பு ஒரே திருச்சபையோடு நிற்கவும் இல்லை. கேள்வி கேட்பதே பாவம் என்றோ, குடும்பத்தை விட்டு விலகு என்றோ, மருந்தை நிறுத்திவிட்டு ஜெபத்தை மட்டும் நம்பு என்றோ சொல்லும் இடத்திலிருந்து உடனே வெளியேறுங்கள். அங்கே விளக்கம் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

நம்புகிறவரிடம் கேட்பது

இடம் பார்த்துக் கேளுங்கள். சாவு வீட்டிலும் மருத்துவமனையிலும் கேட்க வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, இருவரும் அதைத் திறந்து வைத்துப் படித்துவிட்டுப் பேசுங்கள். ‘இதை வேறு விதமாகப் படிப்பவர்கள் உங்கள் சபையிலேயே இருக்கிறார்களா? அவர்கள் ஏன் அப்படிப் படிக்கிறார்கள்?’ என்பது நான் கண்டவற்றில் மிகுந்த பலன் தரும் கேள்வி. மறுதரப்பை நியாயமாக எடுத்துச் சொல்லத் தெரிந்தவரின் விளக்கத்தை நம்பிக் கேட்கலாம். ‘எனக்குத் தெரியாது’ என்று அவர் சொன்னால் அதை வெற்றியாகக் கொண்டாடாதீர்கள். உங்களையும் அவர் திருப்பிக் கேட்பார். நன்மை தீமையை எதை வைத்து அளக்கிறீர்கள், துயரத்தை எப்படித் தாங்குகிறீர்கள் என்பார். அதற்கு உங்களிடம் உள்ள பதிலை, அரைகுறையாக இருந்தாலும், உண்மையாகச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்பது அவமதிப்பு என்று யாராவது சொன்னால் யோபு 42:7ஐத் திறந்து காட்டலாம். கடவுளை நீதிமன்றத்துக்கு இழுப்பதுபோல் முப்பதுக்கும் மேற்பட்ட அதிகாரங்களில் நடந்த வாக்குவாதத்துக்குப் பிறகு, கடவுளுக்காக வாதாடிய நண்பர்கள் சரியாகப் பேசவில்லை, யோபுதான் சரியாகப் பேசினான் என்று கடவுளே தீர்ப்புச் சொல்வதாக அந்த நூல் எழுதுகிறது.

இவ்வளவுக்கும் பிறகு நம்பிக்கை வராமலே, ஆனால் அந்தக் கூட்டத்தின் பாடலும் அக்கறையும் ஏழைகளுக்கான வேலையும் பிடித்துப்போய், தொடர்ந்து போக விரும்புகிறவர்கள் உண்டு. அப்படியானால் போதகரைத் தனியே சந்தித்து நிலைமையைச் சொல்லிவிடுங்கள். ஆராதனைக்கு வருவதற்கும் உணவு வழங்கும் பணியில் கைகொடுப்பதற்கும் பெரும்பாலான சபைகள் நம்பிக்கையை நிபந்தனையாக வைப்பதில்லை. உறுப்பினராகச் சேர்வதற்கும் ஞாயிறு பள்ளியில் கற்பிப்பதற்கும் வைப்பார்கள், வைப்பதும் நியாயமே. எது திறந்திருக்கிறது, எது இல்லை என்பதை அவர் வாயாலேயே கேட்டுக்கொண்டு, திறந்திருக்கும் பணிகளில் ஒன்றை ஏற்று ஒழுங்காகச் செய்யுங்கள்.